நிருவாகச் சட்ட நீதிபதியை நியமிப்பவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவில், உடல் இயலாமையால் வேலையிழந்த தொழிலாளி ஒருவருக்கு உதவிப்பணம் மறுக்கப்பட்டு, மீள்பரிசீலனையும் பயனளிக்காவிடின், அவர் அடுத்து முறையிடுவது நீதிமன்றத்திடமன்று. மறுத்த அதே சமூகப் பாதுகாப்பு நிருவாகத்திற் சம்பளம் பெறும் நிருவாகச் சட்ட நீதிபதியிடமே. இத்தகைய நீதிபதிகளுட் பெரும்பாலோர் அந்நிருவாகத்தையே சார்ந்தவர்கள். எனவே, இவர்களை நியமிப்பவர் யார், நீக்கவல்லவர் யார் என்பன வெறும் உத்தியோக விதி பற்றிய வினாக்கள் அல்ல.

1946ஆம் ஆண்டின் நிருவாக நடைமுறைச் சட்டம் இம்முரண்பாட்டுக்கு ஒரு சமரசமே கண்டது. விசாரணையாளர் (நீதிபதி என்னும் பெயர் 1972இலேயே வந்தது) திணைக்களத்துள் இருப்பார்; ஆயின் அவரது சம்பளத்தைத் திணைக்களம் தீர்மானிக்காது; தக்க காரணம் நிறுவப்படாமல் அவரை நீக்கவும் முடியாது. பிற்காலத்து விதிகளின்படி, ஏழாண்டு அனுபவமுள்ள சட்டத்தரணிகளே போட்டிப் பரீட்சைக்குத் தோற்றலாம். முதல் மூவருள் ஒருவரைத் திணைக்களம் தெரிவு செய்யும். இப்பரீட்சையை நாம் இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. முன்னாட் படையினருக்கு ஐந்து அல்லது பத்து மேலதிகப் புள்ளிகள் வழங்கப்பட்டன. படையிற் பெண்கள் அருகியிருந்த காலத்தில் அதன் விளைவு வெளிப்படை.

சமரசத்தின் உறுதி விரைவிலேயே சோதிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின்னர், கூடுதலானோர்க்கு உதவி வழங்கிய நீதிபதிகளின் தீர்ப்புகள் தனியே பொறுக்கியெடுத்து மீளாய்வு செய்யப்பட்டன. நீதிபதிகளின் சங்கமே வழக்குத் தொடுத்தது. இந்நடைமுறை 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் உட்பொருளுக்கு மாறானது என 1984இல் நீதிமன்றம் கண்டது. ஆயினும் தடையுத்தரவு வழங்கவில்லை!

இவ்வமைப்பைப் பெயர்த்த வழக்கு இயலாமையுற்றோரிடமிருந்து வரவில்லை. பங்குப்பத்திர ஆணைக்குழுவினால் தண்டிக்கப்பட்ட லூசியா என்னும் முதலீட்டு ஆலோசகரே அதனைத் தொடுத்தார். ஆணைக்குழுவின் நீதிபதிகள் அரசியலமைப்பின்படி 'அதிகாரிகள்'. ஆதலின் ஊழியர்கள் அன்றி ஆணைக்குழுவே அவர்களை நியமித்திருத்தல் வேண்டும் என 2018 யூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே ஜனாதிபதி டிரம்பின் கட்டளை பரீட்சையை நீக்கியது. எஞ்சிய பொதுத் தகுதி சட்டத்தொழில் அனுமதிப்பத்திரம் ஒன்றே. மேலதிகத் தகுதி வேண்டுமா என்பது திணைக்களத் தலைவரின் விருப்பம். நியமன அதிகாரத்தையன்றி வேறெதையும் தீர்ப்பு கேட்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2025 பெப்ரவரியில் நீதித் திணைக்களம், பதவிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பையும் தான் இனி நீதிமன்றங்களில் ஆதரித்து வாதாடப் போவதில்லை என அறிவித்தது.

2024ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின்படி, பங்குப்பத்திர மோசடிக்காகத் தண்டப்பணம் கோரப்படுபவர் இந்நீதிபதிகளைத் தவிர்த்து யூரர் விசாரணையைக் கோரலாம். உதவிப்பணம் மறுக்கப்பட்ட தொழிலாளிக்கு அவ்வழி இல்லை.