பேட்டரிக்குள் ஒரு காவலாளி

இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், வாசலில் நிற்கும் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜர் வயரைச் சொருகிவிட்டு உறங்கச் செல்வது இன்று எத்தனையோ குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. தலையணையருகே கைப்பேசி, மேசை மீது பவர் பேங்க். வீடே உறங்கும் வேளையில் இம்மூன்றும் மின்சாரத்தைப் பருகிக்கொண்டிருக்கின்றன. மூன்றின் உள்ளேயும் இருப்பது லித்தியம் பேட்டரிதான். அதற்கு இரவெல்லாம் காவல் இருப்பது யார் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

2022-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் வேலூரில் ஒரு வீட்டில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டர் இரவில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் அவருடைய பள்ளிச் சிறுமியான மகளும் இறந்துபோயினர். அதே நாட்களில் நாட்டின் வேறு சில ஊர்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. "இந்த வண்டியே வேண்டாம்" என்று அஞ்சியவர்களும் உண்டு. அந்த அச்சத்திற்கு விடை தேட, நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் கிருஷ்ணகிரி. அதையும் கடந்தால் கர்நாடக எல்லையோரம் ஓசூர். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவர் 2013-இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனம், 2021 முதல் ஓசூரில் ஸ்கூட்டர்களையும் அவற்றுக்கான பேட்டரித் தொகுப்புகளையும் உருவாக்கி வருகிறது. டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆலையும் ஓசூரில்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா நிறுவனம், 46 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட செல்லையே தயாரிக்க முனைந்தது. தொகுப்பைக் கோப்பது வேறு, செல்லைச் செய்வது வேறு. இரண்டாவதே கடினம்.

செல் என்பது என்ன? ஒரு புறம் உலோக ஆக்சைடு, மறுபுறம் கிராஃபைட் எனும் கரி, நடுவே மெல்லிய பிளாஸ்டிக் திரை. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் திரையைக் கடந்து கரியின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. லித்தியம் கரிக்குள் இவ்வாறு போய்வர முடியும் என்று 1980-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் செய்து காட்டியவர் ரஷீத் யஸமி. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்தவர். 2014-இல் பொறியியலின் உயரிய விருதான டிரேப்பர் பரிசை வேறு மூவருடன் பகிர்ந்துகொண்டார். 2019-இல் லித்தியம் பேட்டரிக்காக வழங்கப்பட்ட வேதியியல் நோபல் பரிசில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை என்பது நோபல் விதி. நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

இனி காவலாளிக்கு வருவோம். ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றில் 14 வரிசைகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். முழுச் சார்ஜில் மொத்தம் 58.8 வோல்ட். சார்ஜர் பார்ப்பது இந்த மொத்தத்தை மட்டுமே. ஒரு வரிசை நலிந்து போயிருந்தால், அது மற்றவற்றை முந்திக்கொண்டு நிரம்பிவிடும். 13 வரிசைகள் ஏறத்தாழ 4.18 வோல்ட்டில் நிற்க, அந்த ஒன்று மட்டும் 4.5 வோல்ட்டைத் தொட்டிருந்தாலும் மொத்தம் அதே 58.8 தான்! கூட்டுத்தொகை சரியாக இருக்கிறது. உள்ளே ஒரு வரிசை கொதிக்கத் தொடங்கிவிட்டது. வெப்பம் 130 பாகை செல்சியஸை நெருங்கினால் நடுத்திரை உருகும். பிறகு ஆக்சைடே ஆக்சிஜனை வெளிவிடுவதால், நெருப்புக்கு வெளிக்காற்றுகூடத் தேவைப்படாது. மூடி அணைக்க முடியாத தீ அது.

ஆகவேதான் தொகுப்பினுள் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றை வைக்கிறார்கள். அது ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் தனித்தனியே அளக்கிறது, வெப்பத்தைக் கவனிக்கிறது, உள்ளே சென்ற மின்சாரத்தையும் வெளியேறியதையும் கணக்கு வைக்கிறது. முந்தி நிரம்பும் வரிசையிலிருந்து சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிட்டுச் சமன் செய்கிறது. எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கிறது.

வேலூர் போன்ற துயரங்களுக்குப் பின் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 எனும் தரவிதியைக் கடுமையாக்கியது. செல்களுக்கிடையே போதிய இடைவெளி, வெப்பம் எல்லை மீறினால் முன்கூட்டியே ஒலியும் ஒளியும் எழுப்பும் எச்சரிக்கை போன்ற விதிகள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டியை மலிவாக வாங்க நினைப்பவர்கள் இந்தத் தேதிகளை நினைவில் வையுங்கள்.

ஆலையில் வைத்த காவலாளியைத் தெருமுனையில் கொன்றுவிடுகிறோம் என்பதே என் வருத்தம். வண்டி அடிக்கடி நின்றுபோனால், பலகையைத் தாண்டி நேராக வயர் இழுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓடும்; உரிமையாளரும் மகிழ்வார். நின்றது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நம் இளைஞர்களே! உங்களிடம் தரப்படும் பேட்டரி, ஒரு குடும்பத்தின் உயிரையும் சேர்த்துத் தரப்பட்ட அமானிதம். நலிந்த வரிசையை அளந்து கண்டுபிடியுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

அளவை மோசடி தனிக்கதை. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வழக்கமான செல்லில், தரமானதே ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணிதான் கொள்ளும். அதன்மேல் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். இத்தகைய செல்கள் இரண்டே உள்ள பவர் பேங்கின் மேல் 20,000 என்று எழுதியிருந்தால் அது பொய். அளவில் மோசம் செய்வோரைக் குர்ஆனின் 83-ஆவது அத்தியாயம் எச்சரிப்பதைத் தராசு பிடிப்பவர்களுக்கு மட்டுமானது என்று நினைத்துவிட்டோமோ? வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும், "ஆர்" என்று தொடங்கும் பதிவெண்ணையும் பாருங்கள்.

சார்ஜ் செய்யும் வண்டி, வீட்டைவிட்டு வெளியேறும் ஒரே வழியை அடைத்து நிற்கக்கூடாது. சுவரோரம், காற்றோட்டமான இடம் போதும். உப்பிய கைப்பேசி பேட்டரியை அழுத்தவோ மீண்டும் சார்ஜ் செய்யவோ வேண்டாம். பேட்டரியிலிருந்து புகை வந்தால் பொருட்களை மீட்க நிற்காமல் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

உம்ராவுக்குப் புறப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் பேங்கை விமானத்தில் பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது; கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 74 வாட் மணி. எண் அழிந்துபோன பவர் பேங்கை விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள், சார்ஜரில் சொருகாமல்.