ஒரகடத்தில் கொரிய இளைஞர்

பிறந்த நாட்டைப் பிரிந்து வேற்று நாட்டில் வாழ்தல் எளியதன்று. பொருள் ஈட்டும்பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்லும் செலவைப் 'பொருள்வயிற் பிரிவு' எனத் தனியே வகுத்துப் பாடினர் நம் முன்னோர். அவ்வாறு வகுத்தற்குக் காரணம் யாது? அப்பிரிவினால் செல்வோர்க்கும் இருப்போர்க்கும் உண்டாகும் துன்பம் பெரிது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தமையே ஆகும். அத்துன்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இந்நாளில் கடல் கடந்து வந்து நம்மிடையே உழைக்கும் கொரிய நாட்டு இளைஞர்க்கும் அஃது உரியதே. அவர்கள் இங்கு எவ்வாறு வாழப் பழகுகின்றனர் என்பதையும், அதில் நமக்குரிய பங்கு யாது என்பதையும் ஆராய்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்திற்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் கூடுமிடத்தில் ஒரகடம் உள்ளது. ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த சிற்றூர்கள் சூழ்ந்த பகுதி இது. இராமாநுசர் 1017-ஆம் ஆண்டில் தோன்றிய திருப்பெரும்பூதூரே இன்று ஸ்ரீபெரும்புதூர் என வழங்குகிறது. கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இந்தியாவில் தன் கிளையை நிறுவி, அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுப்பிற்று. அவ்வாலையின் முதல் மோட்டார் கார் 1998-இல் விற்பனைக்கு வந்தது. 2007-இல் சாம்சங் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து தரும் சிறிய கொரிய நிறுவனங்கள் பலவும் அவற்றைப் பின்பற்றி வந்தன. ஒரகடத்திலோ ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் ஆகியோரின் நிறுவனங்களும் ஆலைகள் அமைத்தன. இவ்வாறு, ஏர் பூட்டிய நிலத்தில் இயந்திரங்கள் ஓடலாயின. தமிழும் ஆங்கிலமுமே எழுதப்பெற்ற கடைப்பலகைகளில் கொரிய எழுத்தும் இடம்பெற்றது.

கொரிய இளைஞர் வெளிநாடு செல்லுதல் புதிதன்று. 'வேலையுடன் கூடிய விடுமுறை' என்னும் ஏற்பாட்டின்படி ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்று, ஓராண்டளவு தங்கி, உழைத்து ஊதியம் பெற்றுக்கொண்டே ஊரும் சுற்றிப் பார்த்து மீள்வோர் பலர். ஒரகடத்திற்கு வருவோர் நிலை வேறு. இவர்கள் நிறுவனத்தின் ஆணைப்படி, இயந்திரங்களை நிறுவவும் பழுது பார்க்கவும் தொழிலாளரைப் பயிற்றவும் வருபவர்கள். கல்லூரிப் படிப்பையும், தம் நாட்டில் ஆடவர்க்குக் கட்டாயமான படைப்பணியையும் முடித்த கையோடு வரும் இளைஞரும் இவர்களில் உண்டு.

அத்தகைய இளைஞர் ஒருவர் சனவரித் திங்களில் சியோல் நகரிலிருந்து புறப்படுகிறார் எனக் கொள்வோம். அங்கே அப்போது நீர் உறையும் குளிர். இங்கு வந்திறங்கியதும் மேலாடையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். மே மாதத்திலோ வெப்பம் 40 பாகையைக் கடந்து விடுகிறது. மின்விசிறியின் கீழும் உறக்கம் வாராத இரவுகளை அவர் அப்போதுதான் முதன்முதலாக அறிகிறார். வெப்பத்தினும் கொடியது தனிமை. கொரியாவின் கடிகாரம் நம் கடிகாரத்திற்கு மூன்றரை மணி நேரம் முற்பட்டது. பணி முடிந்து, குளித்து, உண்டு, இரவு 8 மணிக்குத் தாயுடன் பேச விரும்பினால், அங்கே அப்பொழுது 11.30 ஆகியிருக்கும். தாய் உறங்கியிருப்பாளோ என எண்ணித் தொலைபேசியைக் கீழே வைத்துவிடும் மகனுடைய மனநிலையை, அயலூர் விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் எவரும் எளிதில் அறிவர்.

உணவில் ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு. இரு நாட்டார்க்கும் சோறே உணவு. ஆயினும் கொரியரது சோறு சற்றே ஒட்டும் இயல்பினது; ஆதலின் அதனைக் குச்சியால் எடுத்தும் உண்ணலாம். நம் சோறு உதிரியாக வீழ்வது. கையால் பிசைந்து உண்டற்கே ஏற்றது. நமக்கு ஊறுகாய் போல அவர்களுக்குக் 'கிம்ச்சி' என்பது இன்றியமையாதது. முட்டைக்கோசை உப்பும் மிளகாயும் பிறவும் கூட்டிப் புளிக்கவைத்துச் செய்வது அது. குளிர்காலத் தொடக்கத்தில் உற்றாரும் அயலாரும் கூடி அதனைச் செய்யும் வழக்கத்தை, 2013-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித இனத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கிம்ச்சியைச் சிவக்கச் செய்யும் மிளகாயும், நம் குழம்பைச் சிவக்கச் செய்யும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. இரவலாகப் பெற்ற ஒன்றை இரு நாட்டாரும் தமதாக்கிக்கொண்ட திறம் வியத்தற்குரியது.

பழக்க வழக்கங்களை நோக்கின், வந்தவர்க்கு வியப்பு மிகும். வீட்டினுள் புகுமுன் காலணியைக் கழற்றுதல், தரையில் அமர்ந்து உண்ணுதல், மூத்தோரைப் பெயர் சொல்லி அழையாமை, அவர்கட்கு ஒன்றைக் கொடுக்கும்போது இரு கைகளாலும் கொடுத்தல் ஆகியன கொரியர்க்கும் உரியன. 'சாப்பிட்டீர்களா?' என்பது நம்மிடையே வெறும் வினாவன்று, அன்பின் அடையாளம். அதே வினாவை அதே பொருளில் கொரியரும் ஒருவரையொருவர் கேட்பர். ஆனால், 'ஆம்' என்பதற்கு நாம் தலையை இருபுறமும் மெல்ல அசைக்கும்போது, 'இவர் உடன்படுகின்றாரா, மறுக்கின்றாரா?' என அவர் திகைப்பார். உயிருடன் இருப்பவரின் பெயரைச் சிவப்பு மையால் எழுதுதல் கொரியர்க்குத் தீய குறி. அஃது அறியாது நாம் அவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதிவிட்டால், அவர் வாய் திறந்து ஒன்றும் கூறார். உள்ளம் மட்டும் வருந்துவார்.

இவை யாவற்றினும் பெரிய தடை மொழியே. எனினும், தமிழ்மொழி கொரியர்க்கு முற்றும் அயலாகத் தோன்றுவதில்லை. தாயையும் தந்தையையும் அவர்கள் அழைக்கும் சொற்கள் 'அம்மா', 'அப்பா' என்றே நம் செவியில் விழும். சொற்றொடர் அமைப்பும் ஒத்தது. 'நான் சோற்றை உண்டேன்' என்பதனைக் கொரியர் 'நானுன் பாபுல் மொகொத்தா' என்பர். 'பாப்' என்பது சோறு. அதனோடு சேர்ந்த 'உல்' என்பது நம் ஐ உருபு போன்றது. வினை ஈற்றில் நிற்கிறது. ஆங்கிலம் கற்கத் தமிழ் மாணவன் படும் இடர்ப்பாட்டைக் கொரிய மாணவனும் படுவதற்குக் காரணம் இதுவே. ஹல்பர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் ஒப்புமை வேறு, உறவு வேறு. இரு மொழிகளும் ஒரு தாய்வயிற்றுப் பிறந்தன என்பதனை இக்கால மொழிநூலார் ஏற்பதில்லை. உண்மையை உள்ளவாறு கொள்வதே கற்றோர்க்கு அழகு.

எழுத்தின் வரலாறும் அறியத்தக்கது. சீன எழுத்துகளைக் கற்க இயலாது வருந்திய எளிய மக்களின் பொருட்டு, சேஜோங் என்னும் கொரிய மன்னர் 1443-இல் புதிய எழுத்துமுறை ஒன்றை உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். 'ஹங்குல்' என இன்று வழங்குவது அதுவே. நாவும் இதழும் பல்லும் மிடறும் ஒலியைப் பிறப்பிக்கும் நிலையை நோக்கி அவ்வெழுத்துகளின் வடிவம் அமைக்கப்பெற்றது. தொல்காப்பியத்தில் பிறப்பியல் பயின்ற தமிழ் மாணவர்க்கு இச்செய்தி இனிக்கும். 'கல்' என்பதிலும் 'அகல்' என்பதிலும் ககரம் ஒன்றே. ஒலி மட்டும் சற்று வேறுபடும். கொரிய எழுத்திலும் இவ்வியல்பு உண்டு. ஆனால், நாம் ர, ற, ல, ள, ழ என ஐந்தெழுத்தால் காட்டும் ஒலிகளுக்கு அவர்களிடம் இருப்பது ஓரெழுத்தே. மேலும், அவர்களது வினைமுற்றில் இடமும் பாலும் காட்டும் விகுதி இல்லை. ஆதலின், புதிதாகத் தமிழ் பேசும் கொரியர் 'அவன் வந்தேன்' எனக் கூறக்கூடும்; 'வாழை' என்பது அவர் வாயில் 'வாரை' ஆகவும் கூடும். அதனைக் கேட்டு நகுதல் அறியாமை. நாம் அவர் மொழியைப் பேசப் புகுந்தால், நம் பிழையும் அதனிற் குறையாது.

மொழி அறியாமை ஆலையினுள் வெறும் நகைப்போடு நிற்பதன்று. கொரிய மொழியில் விரைவைக் குறிக்கும் சொல், தமிழர் செவியில் ஏறத்தாழப் 'பல்லி பல்லி' எனக் கேட்கும். இதன் பொருள் அறியாதவன் சுவரைத்தான் நோக்குவான். இது சிரித்து மறக்கத்தக்கது. ஆனால் ஓடும் இயந்திரத்தினிடையே ஒருவன் கை சிக்கும் வேளையில், 'நிறுத்து' என்னும் சொல் அருகில் நிற்பவர்க்கு விளங்காவிடின் விளைவு யாதாகும்? ஒரு சொல்லின் விலை ஒரு மனிதனின் விரலாக முடியும். ஆதலின், கொரியப் பொறியாளர் முதலில் கற்கவேண்டிய தமிழும், தமிழ்த் தொழிலாளர் முதலில் கற்கவேண்டிய கொரியமும் 'நில்', 'நிறுத்து', 'மெல்ல' என்பனவே.

எல்லாப் பிணக்கும் மொழியால் விளைவன என்று கருதுதல் பிழை. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரிலுள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர் பலர், தம் சங்கத்தை நிருவாகம் ஏற்கவேண்டும் எனக் கோரி வேலைநிறுத்தம் தொடங்கினர். ஒரு மாதத்திற்கு மேல் நீடித்த அது, பேச்சுவார்த்தைக்குப் பின் அக்டோபரில் முடிந்தது. ஊதியமும் உரிமையும் பற்றிய வினாக்களை முறையால் தீர்த்தல் வேண்டும். இன்சொல் மட்டும் அவற்றைத் தீர்க்காது. ஆயினும், ஒருவரையொருவர் மனிதராக அறிந்தவர் நடத்தும் வழக்கு, அறியாதவர் நடத்தும் வழக்கைவிட விரைந்து முடியும்.

இனி, கொரியர் கடந்துவந்த பாதையையும் நோக்குவோம். 1950 முதல் 1953 வரை நடந்த போரால் அந்நாடு பாழாயிற்று. அப்போது நம் நாடு அனுப்பிய 60-ஆம் வான்குடை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், ஆற்காடு என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரில் தாங்கியவர். பழகாத கடுங்குளிரில், காயமுற்றோர்க்கு அவர்தம் பிரிவு ஆற்றிய தொண்டு பெரிது. அவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பெற்றது. போருக்குப் பின்னும் வறுமை நீங்கவில்லை. 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ 8,000 கொரியர் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றனர். 10,000-க்கும் மேற்பட்ட கொரியப் பெண்கள் செவிலியராகச் சென்றனர். மொழி தெரியாத நாட்டில் நிலத்தின் அடியில் உழைத்து, அவர்கள் வீட்டிற்குப் பணம் அனுப்பினர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த தமிழர் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிய கதையன்று. இன்று பொறியாளராக ஒரகடத்திற்கு வருபவர், அத்தகைய உழைப்பாளிகளின் வழித்தோன்றல். நாளை தமிழ் இளைஞர் ஒருவர் சியோலுக்கோ பூசானுக்கோ சென்று, உறைபனியில் நடுங்கி, இட்டிலியை நினைந்து ஏங்குதலும் கூடும்.

மாணவர்களே! வேற்று நாட்டில் வாழப் பழகுதல் வந்தவரின் கடமை மட்டுமன்று. அதிற் பாதி, வரவேற்போரின் கடமை. பல மொழி பேசுவோர் ஒருங்கு கூடி இனிது உறைந்த பட்டினம் என்பதனைப் புகாரின் சிறப்பாகப் பட்டினப்பாலை கூறும். மாடமாளிகைகளை மட்டும் கூறி அந்நூல் அமைந்துவிடவில்லை. ஒரகடத்தின் பெருமையும் ஆலைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அங்கு வந்த அயலான் ஒருவன், கடைவீதியில் அச்சமின்றி நடந்து, அறிந்த இரண்டொரு தமிழ்ச் சொற்களைக் கொண்டு வேண்டியதைப் பெற்று, 'சாப்பிட்டீர்களா?' என்னும் வினாவைத் தன் தாய்மொழியில் கேட்டாற்போல் மகிழ்ந்து கேட்பானாயின், அதுவே அவ்வூருக்குப் பெருமை. அவ்வினாவை முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள்.