உஷார்! மறதி வந்த ஆச்சியை அருவிக்கு அழைத்துப் போகிறீர்களா?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கம் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்: "எல்லாம் அயத்துப் போற ஆச்சியைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அருவியில தலையைக் காட்டினா தெளிஞ்சிரும்."

தெளியாது! இந்த மறதி பித்தம் இல்லை. பெரும்பாலும் மூளை செல்கள் அழிகிற 'டிமென்ஷியா' நோய்.

ஒரு குடும்பம் இப்படித்தான் நம்பிப் பேரருவிக்கு வந்தது. பெண்கள் பக்கம் நெரிசல். மருமகள் துணி மாற்றிவிட்டுத் திரும்பினால் ஆச்சியைக் காணோம். ஈரச் சேலையோடு செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். "எங்க அம்மை வீட்டுக்குப் போறேன்" என்றாராம். அம்மை எப்போதோ காலமாகிவிட்டார். கண்டக்டருக்குச் சந்தேகம் வந்ததால் பிழைத்தார். புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போயிருந்தால்?

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. 'இனி வெளியே போகக்கூடாது' என்று அறையைப் பூட்டினார்கள். ராத்திரியெல்லாம் அலறல். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தார்கள். பார்த்தால் சிறுநீரில் கிருமித் தொற்று. மருந்து கொடுத்ததும் அலறல் நின்றது. பூட்டுக்குப் பின்னால் யார் கவனிப்பது?

பூட்டாதீர்கள். கட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்!

அருவியும் விளையாட்டில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனையே அடித்துப் போனது. "ஓடுங்க" என்றால் புரியாத பெரியவர் என்ன செய்வார்?

நம் வீட்டில் வராது என்று இருக்காதீர்கள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக ஆய்வு மதிப்பிடுகிறது.

இவற்றைக் கண்டால் உஷார்!

• தெரிந்த தெருவிலேயே வழி தவறுவது.
• அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அடிக்கடி மறப்பது.
• போட்ட மாத்திரையையே மறுபடி போடுவது.
• சாப்பிட்ட கையோடு "சோறே போடலை" என்பது. நகையைத் திருடிவிட்டதாகப் பழி சொல்வது.
• பொழுது சாய்ந்ததும் பதறி, சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பது.
• நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறுவது. இதுதான் பெரிய ஆபத்து! தொற்றாக இருக்கலாம், உப்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

'வயசாச்சுல்லா' என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, பி12 குறைவால் வருகிற மறதியை மருந்தால் சரிசெய்ய வழி உண்டு. தென்காசி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மூளை செல்கள் அழிவதால் வருகிற மறதியைக் குணமாக்க முடியாவிட்டாலும், பெரியவரை நிம்மதியாக வைத்திருக்க முடியும்.

அதட்டாதீர்கள். "அம்மை செத்து எத்தனை வருஷமாச்சு" என்று வாதாடாதீர்கள். அவருக்கு அது இன்று நடந்த சாவு. "காபி குடிச்சிட்டுப் போகலாம் ஆச்சி" என்று பேச்சை மாற்றுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுக்கவோ பயறு உடைக்கவோ விடுங்கள்.

பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையை இன்றைக்கே சேலையில் குத்திவிடுங்கள். காணாமல் போனால் காத்திருக்க வேண்டாம்: உடனே 112. முதியோர் உதவிக்கு 14567. ராப்பகலாகப் பார்த்துப் பார்த்து உங்களுக்கே மனசு விட்டுப்போனால் 14416. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்!