‘நல்லாயில்லை’ என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு

“கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இரு.” நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின், சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடப் பழகியவர்கள் நாம். போர் அந்தப் பாடத்தை இன்னும் இறுக்கமாக்கியது. 2009 ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் உணவுக்காக வரிசையில் நின்ற எமது சகோதரிகள், சோறு வேகவில்லை என்றோ கறியில் உப்பில்லை என்றோ முறையிடும் நிலையில் இருக்கவில்லை. வயிறு நிறைந்தால் போதும் என்றிருந்த காலம் அது.

அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் வாய் இன்னும் திறக்கவில்லை. இதை நான் உணர்ந்தது ஒரு கருத்தரங்கில் அல்ல, நுவரெலியாவில் ஓர் உணவகத்து மேசையில்.

பயணம்

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்ந்த 10 பெண்களை மலையகத்துக்கு அழைத்து வந்திருந்தேன். அனைவரும் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். ஏ9 வீதியோரம் கூட்டாக ஒரு சாப்பாட்டுக்கடை தொடங்குவது அவர்களது திட்டம். அட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சிறுதொழில் செய்யும் பெண்களைச் சந்தித்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்காகவே இந்தப் பயணம்.

குழுவில் மூத்தவரான அம்மாவுக்கு மலையகம் புதிதல்ல. அவர் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் போது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வன்னிக்குச் சென்ற குடும்பம் அவருடையது. 1977 இலும் 1983 இலும் அப்படி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகத் தமிழர் பலர் பின்னர் வன்னிப் போருக்குள்ளும் அகப்பட்டார்கள். ஒரே வாழ்வில் பல தடவை இடம்பெயர்ந்தவர் அந்த அம்மா.

நுவரெலியாவில் மதிய உணவுக்கு இடம் தேடினோம். ஜப்பானிய உணவு என்று படத்துடன் பலகை மாட்டிய ஓர் உணவகம் கண்ணில் பட்டது. “கடை நடத்தப் போகிறவர்கள் நாலு விதமான கடையையும் பார்க்க வேண்டும்” என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனவள் நான்தான். அந்தப் பொறுப்பை வேறு யார் தலையிலும் போட முடியாது.

மேசையில் நடந்தது

உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. சில உணவுகளுக்கு விலை போடப்படவில்லை. விலை போட்டிருந்தவற்றில் பலவற்றின் ஒரு தட்டு விலை, அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளமாக இருந்த 1,350 ரூபாவைவிடக் கூடுதலாக இருந்தது. எல்லோருக்குமாக ஐந்து தட்டும், சூப்பும், பச்சைத் தேநீரும் சொன்னோம். எங்களுக்குப் பின்னால் வந்த வெளிநாட்டவர்களின் மேசைக்கு உணவு போய்ச் சேர்ந்தது. எங்கள் மேசைக்குத் தண்ணீர்கூட வரவில்லை. முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம்.

வந்த உணவைப் பற்றி என்ன சொல்ல! சோற்றுச் சுருள்கள் குளிரில் விறைத்து, கையில் எடுத்தால் உதிர்ந்தன. மேலே வைத்திருந்த மீன் வாடையடித்தது. சூப் ஆறிப் போயிருந்தது. பச்சைத் தேநீர் வெதுவெதுப்பான நீரில் மிதந்த ஒரு பொட்டலமாக வந்தது. யன்னலுக்கு வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை மலை!

அன்று வெள்ளிக்கிழமை. முல்லைத்தீவிலிருந்து வந்த சகோதரி ஒருவர் வெள்ளியில் மச்சம் சாப்பிடுவதில்லை. சூப்பில் மீன் எதுவும் உண்டா என்று நான் முதலிலேயே கேட்டிருந்தேன். பரிமாறிய இளைஞர் “வெஜ், வெஜ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சகோதரி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மிஸ், உதுக்குள்ள மாசி கிடக்கு.”

நான் மணந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மாசி வாசமேதான். அவரது கண்கள் கலங்கியிருந்தன. காணாமல் ஆக்கப்பட்ட தன் கணவருக்காக அவர் பிடிக்கும் விரதம் அது என்பது எனக்குத் தெரியும்.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? “விடுங்கோ அக்கா, வெளியில போய் வேற ஏதாவது சாப்பிடுவம்” என்றேன். உரிமைகள் பற்றி எத்தனையோ பயிற்சிப் பட்டறைகள் நடத்தியவள் நான். அந்தப் பளபளப்பான மேசையில், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசினேன். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். “எங்களுக்குத்தான் இது சாப்பிடத் தெரியேல்லைப் போல” என்றாள் குழுவில் இளையவள்.

கேட்டவர் அந்த அம்மா

மூத்த அம்மா மட்டும் கையைத் தூக்கி அந்த இளைஞரை அழைத்தார். அதுவரை ஆங்கிலமும் சிங்களமும் மட்டுமே பேசியவரிடம், நேராகத் தமிழில் கேட்டார்:

“தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?”

இளைஞர் ஒரு கணம் விழித்தார். பிறகு தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அது.

“இந்தப் பிள்ளை விரதம். மீன் இல்லைன்னு சொன்னீங்களே, இதுல மாசி இருக்கே?”

“மன்னிச்சுக்குங்க அம்மா. வேலைக்கு வந்து ரெண்டு கிழமைதான் ஆகுது. எதுல என்ன போடுறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. நான் இதையெல்லாம் சாப்பிட்டதும் இல்ல.”

தான் ஒரு தடவைகூட ருசி பார்க்காத உணவைப் பற்றி, வருகிறவர்களின் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும்படி அந்தப் பிள்ளை நிறுத்தப்பட்டிருந்தார்.

முகாமையாளர் வந்தார். அம்மா குரலை உயர்த்தவில்லை. “காசைத் திருப்பித் தாங்கன்னு கேக்கல. மீன் போட்டா மீன்னு எழுதிப் போடுங்க. இந்தத் தம்பிக்கும் சொல்லிக் குடுங்க. இதுக்காக அவரை ஏசிறாதீங்க” என்றார். முகாமையாளர் வருத்தம் தெரிவித்து, சூப்பின் விலையையும் கெட்டுப்போன தட்டுகள் இரண்டின் விலையையும் பற்றுச்சீட்டிலிருந்து கழித்தார். மிகுதியைச் செலுத்திவிட்டு வெளியே வந்தோம். அந்த இளைஞர் வாசல்வரை வந்து, “போயிட்டு வாங்க அம்மா” என்றார். அவரது வேலை தப்பியதா என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

குற்றம் அந்த உணவின் மீதா?

திரும்பி வந்த பிறகு ஜப்பானிய உணவு பற்றித் தேடிப் படித்தேன். நாங்கள் சாப்பிட்டதை வைத்து அந்த மக்களின் உணவை எடைபோடுவது பெரிய அநியாயம் என்று விளங்கியது.

அவர்களும் எங்களைப் போலச் சோற்று மக்கள். ‘கோஹான்’ என்ற ஒரே சொல்லே அவர்களுக்குச் சோற்றையும் சாப்பாட்டையும் குறிக்கும். ‘சுஷி’ என்பது பச்சை மீன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வினாகிரி சேர்த்த சோற்றில் செய்யும் உணவு. அதற்கென்று ஒட்டும் தன்மையுள்ள, குட்டையான மணிகளைக் கொண்ட அரிசி உண்டு. எங்கள் சம்பாவிலோ பாஸ்மதியிலோ செய்தால் உதிரத்தான் செய்யும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் எந்தச் சோறும் இறுகிவிடும். மீனோ, கடலிலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஐஸ் குறையாமல் வந்து சேர வேண்டும்.

அந்தச் சூப்பின் அடிப்படைச் சாற்றை, காய்ந்த சூரை மீனைச் சீவி எடுத்துத் தயாரிக்கிறார்கள். எங்கள் மாசியும் அதே சூரை மீன்தான். முல்லைத்தீவுச் சகோதரியின் மூக்கு துளியும் தவறவில்லை! மீன் சேர்க்காமல் கடற்பாசியில் மட்டும் சாறு எடுக்கும் முறையும் ஜப்பானில் உண்டு. சமையலறையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விடயம் இது.

இன்னொன்றும் படித்தேன். 1945 இல் போர் முடிந்தபோது ஜப்பானில் கடும் உணவுப் பஞ்சம். வெளிநாட்டு நிவாரணப் பால்மாவும் கோதுமை மாவும் அந்தப் பிள்ளைகளின் பாடசாலை உணவாயின. ஒசாகா நகரில் ஒரு கிண்ணம் நூடில்ஸுக்காக மக்கள் வரிசையில் நின்றதைக் கண்ட மொமொஃபுகு அண்டோ என்பவர், 1958 ஆம் ஆண்டு உடனடி நூடில்ஸை உருவாக்கினார். எங்கள் பிள்ளைகள் இன்று சாப்பிடும் பக்கற்று நூடில்ஸின் தொடக்கம் அதுதான். வரிசையில் நின்ற அனுபவம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

சகோதரிகளே, காசு கொடுத்து வாங்கும் உணவு நிவாரணமல்ல. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எங்களுக்கும் உரியது. விலையைப் பார்வைக்கு வைப்பது வியாபாரியின் கடமை. பற்றுச்சீட்டுக் கேட்டால் தர வேண்டும். இல்லாததை உண்டென்றோ, உள்ளதை இல்லையென்றோ சொல்லி விற்கக் கூடாது. முதலில் அந்த இடத்திலேயே அமைதியாகச் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் பற்றுச்சீட்டுடன் மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் அறிவிக்கலாம். பழுதடைந்த உணவு, சுத்தமின்மை என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நாங்கள் அன்பாக ‘பி.எச்.ஐ. ஐயா’ என்று கூப்பிடுகிறோமே, அவர்தான்.

பற்றுச்சீட்டையும் வாசிக்கப் பழக வேண்டும். பெரிய உணவகங்களில் 10 வீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் சேர்வதுண்டு. இரண்டும் சேர்ந்தால் 1,000 ரூபா உணவு 1,298 ரூபாவாகிவிடும். பட்டியலில் உள்ள விலையோடு இவையும் சேருமா என்று முதலிலேயே கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்த நாள்

மறுநாள் அட்டனுக்கு அருகே ஒரு லயத்து வீட்டில் எங்களுக்குக் காலை உணவு. தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன் ரீயும். கொழுந்து பறிக்கும் அந்தச் சகோதரி ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து, “உறைப்பு கூடிருச்சா? உப்பு காணுமா?” என்று கேட்டார். “கொஞ்சம் உறைப்புத்தான்” என்று இளையவள் சொல்ல, சிரித்தபடி சம்பலில் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து தந்தார். முதல் நாள் அவ்வளவு பணம் கொடுத்தும் யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி அது.

வன்னிக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்கள் கடையைப் பற்றியே பேச்சு. விவசாயத் திணைக்களத்தின் ‘ஹெல போஜுன்’ உணவகங்களும், வடக்கில் கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் பெண்கள் நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்களும் எங்களுக்கு முன்மாதிரி. அங்கே கண்முன்னாலேயே சமைப்பதால் எதில் என்ன போடப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கொப்பியொன்றை எடுத்து இளையவள் எழுதத் தொடங்கினாள். விலைப்பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மச்சம், மரக்கறி என்று பிரித்து எழுதப்படும். முதலில் வந்தவருக்கு முதலில் பரிமாறப்படும். வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லாவற்றையும் முதலில் சாப்பிட்டுப் பார்ப்பார்கள்.

“கடைசியா ஒண்டு எழுது” என்றார் மாசியைக் கண்டுபிடித்த சகோதரி. “சாப்பாடு சரியில்லை எண்டு ஆராவது சொன்னால், கோவிக்கக் கூடாது.”

அடுத்த முறை உங்கள் தட்டில் ஏதும் பிழை கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? என்னைப் போல் தலைகுனிவீர்களா, அந்த அம்மாவைப் போல் கையைத் தூக்குவீர்களா?