புது பேட்டரி போட்டும் கார் கிளம்பவில்லையா?

நள்ளிரவில் பிள்ளைக்கு உடல்நலம் குன்றி, சிக்கலிலிருந்து இராமநாதபுரம் மருத்துவமனைக்குப் புறப்படும் வேளையில் கார் கிளம்ப மறுத்தால் வீடே கலங்கிவிடும். அன்றுதான் புது பேட்டரி மாற்றியிருந்தால், கடைக்காரர் மீது ஐயம் எழுவதும் இயல்பே. ஆனால் அன்பு வாசகர்களே, முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை அன்று, அதன் முனைகளையே!

நம் கடற்கரையின் உப்புக்காற்று உலோகத்தை விரைந்து அரிக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமே அமைத்துள்ளது. புதிய பேட்டரியில் பழைய கம்பிகளைத்தானே பூட்டுகிறோம்? அவற்றில் படிந்த களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். விளக்கு எரியச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். எனவேதான் விளக்கு எரிந்தும், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது.

சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். களிம்பைச் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, அசையாதபடி இறுக்குங்கள். பூட்டும்போது நெகட்டிவ் கடைசி. மேலே வாசலின் தடவுங்கள். நெகட்டிவ் கம்பி காரின் உடலோடு சேரும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். அருகில் நெருப்பு கூடாது. பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும்.

விளக்கே எரியவில்லையெனில், கம்பிகள் இடம் மாறிப் பூட்டப்பட்டுப் பெரிய பியூஸ் போயிருக்கலாம். அதனை மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

பேட்டரி மாற்றிய அன்றே, பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள். இரவின் அவசரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை.