அவுரி இலையில் ஒளிந்த நீலம்

அவுரிச் செடியின் இலை சாதாரணப் பச்சை இலைதான். உள்ளே இருப்பது இண்டிகான் என்ற நிறமற்ற பொருள். சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் ஒரு மூலக்கூறு. அறுத்த செடியைத் தொட்டித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் அந்தச் சர்க்கரை கழன்றுகொள்கிறது. விடியும்போது தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்றுகொண்டு நுரை பொங்கப் பொங்க மணிக்கணக்கில் அடித்துக் கலக்குவார்கள். காற்றின் ஆக்சிஜன் சேரச் சேர, மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து நீலமாகி அடியில் படியும். அந்த வண்டலைக் காய்ச்சிப் பிழிந்து கட்டிகளாக உலர்த்துவார்கள். திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி விளைகிறது, சாயமும் எடுக்கிறார்கள்.

ஆனால் நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலில் ஏறாது. இதற்குத் தென்னாட்டுச் சாயக்காரர்கள் கண்ட வழி, சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியைப் புளிக்க வைப்பது. நுண்ணுயிர்கள் நீலத்தை ஒடுக்கி, கரையக்கூடிய வெளிர்மஞ்சள் வடிவத்துக்கு மாற்றிவிடும். முக்கி எடுத்த நூல்கண்டு மஞ்சள் பச்சையாகத்தான் வெளியே வரும். பிழிந்து உதறினால், காற்றுப் பட்ட இடமெல்லாம் நம் கண்ணெதிரே நீலமாகும். திரும்பத் திரும்ப முக்கினால் நீலம் அடர்ந்துகொண்டே போகும். வேதியியலை இத்தனை கண்கூடாகக் காட்டும் வேறொரு வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

நீலம் அமைதியின் நிறம், வானத்தின் நிறம் என்று நிறங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டு வங்காள விவசாயிக்கு அது கடனின் நிறம். ஐரோப்பியத் தோட்டமுதலாளிகள் முன்பணத்தைக் கையில் திணித்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி போடவைத்தார்கள். கிடைத்த விலை கடனை அடைக்கப் போதாது. கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. 1859இல் நதியா மாவட்டத்து விவசாயிகள் இனி அவுரி விதைக்க முடியாது என்று எழுந்தார்கள். அந்தக் கொடுமைகளை வைத்து தீனபந்து மித்ரா எழுதிய ‘நீல் தர்ப்பண்’ நாடகம் 1860இல் டாக்காவில் அச்சானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு ஒரு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம்.

இதே காலத்தில் ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் அந்த நீலத்தின் கட்டமைப்பைத் தேடிக்கொண்டிருந்தார். 1865இல் தொடங்கிய தேடல் 1883இல் முடிந்தது. 1905இல் அவருக்கு நோபல் பரிசு. கண்ணாடிக் குடுவையில் அவர் செய்த நீலத்தைத் தொழிற்சாலையில் செய்ய பிஏஎஸ்எஃப் நிறுவனம் சுமார் 1.8 கோடி தங்க மார்க் செலவழித்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. செடி நீலத்தின் விலை சரிந்தது.

அவுரியிலிருந்து விவசாயி தப்பித்திருக்க வேண்டும். பீகாரின் சம்பாரணில் நடந்தது வேறு. அங்கே குத்தகைதாரர் தம் நிலத்தில் 20 கட்டாவுக்கு 3 கட்டா கட்டாயம் அவுரி போட வேண்டும். தீன்கட்டியா என்று அதற்குப் பெயர். விலை விழுந்ததும் தோட்டக்காரர்கள் நஷ்டத்தைக் குத்தகைதாரர் தலையில் கட்டினார்கள்: அவுரியிலிருந்து விடுதலை வேண்டுமா, கூடுதல் குத்தகை கொடு அல்லது மொத்தமாக ஒரு தொகை கட்டு. ஜெர்மன் ஆய்வுக்கூடத்தின் வெற்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாத பீகார் விவசாயி தண்டம் கட்டினார். அறிவியல் வரலாற்று நூல்கள் பேயரோடு கதையை முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயத்தின் வரவு நின்றதும் செடி நீலத்துக்கு மறுபடி கிராக்கி வந்தது. ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி 1916 லக்னோ காங்கிரசில் காந்தியைச் சந்தித்து, சம்பாரணுக்கு வந்தே ஆகவேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1917 ஏப்ரலில் காந்தி போனார்; வெளியேறச் சொன்ன உத்தரவை மீறினார்; ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்கள் பதிவாயின. 1918இல் தீன்கட்டியா சட்டப்படி ஒழிந்தது.

இன்று அதே மூலக்கூறு ஜீன்ஸில் இருக்கிறது. அது நூலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுவதால், துவைக்கத் துவைக்க முழங்காலில் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். பிற சாயங்களில் குறையாகத் தெரிந்திருக்கும் இந்த வெளுப்பை இளைஞர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நீலத்தைக் கரைக்க ஆலைகள் நுண்ணுயிர்களை நம்புவதில்லை. சோடியம் டைதயோனைட் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அதன் எச்சம் சாயக்கழிவோடு போகிறது.

2018இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு மாற்றிய பாக்டீரியாவில் இண்டிகானை உருவாக்கிக் காட்டினார்கள். அதைத் துணியில் ஏற்றி, சர்க்கரையை ஒரு நொதியால் வெட்டிவிட்டால், கரைக்கும் வேதிப்பொருள் இல்லாமலே துணி நீலமாகிறது. ஆலைகள் இதை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் செலவு பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை நீலத்தின் விலைக்கு இறங்கியாக வேண்டும். சாயக்கழிவு கலந்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் இப்போது சுமக்கும் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.