மயங்கிக் கிடப்பவரின் மானம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2013 ஏப்ரலில் ஒருவர் கொலனோஸ்கோபி செய்துகொள்ளப் போனார். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை அது. பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். முடிந்தபின் டாக்டர் சொல்லும் அறிவுரைகள் அரைமயக்கத்தில் மறந்துபோகுமே என்று, உள்ளே போகும் முன்பே செல்போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டிருந்தார். கழற்றிய பேன்ட்டோடு போனும் அந்த அறைக்குள்ளேயே இருந்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் மனைவியோடு சேர்ந்து அதைப் போட்டுக் கேட்டார். அவர் நினைவிழந்து கிடந்த நேரத்தில் அங்கிருந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது.

மயக்க மருந்து கொடுத்த பெண் மருத்துவர், இந்த ஆளின் முகத்தில் குத்தலாம்போல் இருந்தது என்கிறார். ஊசியைப் பார்த்தால் தலைசுற்றும் என்று நோயாளி முன்னதாகச் சொல்லியிருந்தார். அதையும் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார். நோயாளியின் ஆணுறுப்பில் இருந்த சொறியைத் தொட்ட உதவியாளரிடம் சிபிலிஸ் ஒட்டிக்கொள்ளும் என்கிறார், பிறகு காசநோயாக இருக்கும் என்கிறார். கண்விழித்ததும் கேள்வி மேல் கேள்வி கேட்பாரே, எப்படி அவரிடம் சிக்காமல் நழுவுவது என்றுகூட யோசனை நடக்கிறது. இதையெல்லாம் வாய்க்கொழுப்பு என்று ஒதுக்க நினைப்பவர்கள் அடுத்ததைக் கவனிக்க வேண்டும். மூலநோய் கண்ணில் படவில்லை, ஆனாலும் இருப்பதாகக் குறித்துவிடப் போகிறேன் என்கிறது அதே குரல். மருத்துவக் குறிப்பிலும் அது ஏறியிருந்தது.

வழக்கு ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனது. 2015 ஜூனில் ஜூரி விதித்த இழப்பீடு 5 லட்சம் டாலர். அவதூறுக்கு 1 லட்சம், மருத்துவத் தவறுக்கு 2 லட்சம், தண்டனையாக 2 லட்சம். ரெக்கார்டிங்கே சட்டவிரோதம் என்று எதிர்த்தரப்பு வாதாடிப் பார்த்தது. உரையாடலில் இருக்கும் ஒருவர் சம்மதித்தாலே பதிவுசெய்யலாம் என்பது வர்ஜீனியா சட்டம் என்று நோயாளி தரப்பு பதில் சொன்னது.

நினைவில்லாமல் கிடப்பவருக்கு எது கேட்கப்போகிறது என்பதுதான் இத்தகைய நடத்தைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். மருத்துவ ரீதியாகவும் இது அரைகுறை உண்மைதான். குடல் பரிசோதனை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. மிடாசோலம் போன்ற மருந்தைப் போட்டால் நோயாளி கூப்பிட்டதும் முனகுவார், திரும்பிப் படுங்கள் என்றால் திரும்பிப் படுப்பார், பின்னர் ஒன்றும் நினைவிருக்காது. காதில் விழுந்தது, மனதில் பதியவில்லை, அவ்வளவுதான். முழு மயக்கத்திலும் அரிதாக விழிப்பு ஏற்படுவது உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, சுமார் 19,000 பேரில் ஒருவர் அறுவைக்கு நடுவே விழித்திருந்ததாகப் பின்னர் சொல்வதாகக் கணக்கிட்டது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தால், விழித்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது, கத்தவும் முடியாது.

இன்னொரு ஆய்வு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஜெர்மனியில் ஐந்து மருத்துவமனைகளில் முழு மயக்கத்தில் அறுவை செய்துகொண்ட 385 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோர் காதிலும் இயர்போன். ஒரு பிரிவினருக்கு மெல்லிய இசையோடு, நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்பது போன்ற ஆறுதல் வார்த்தைகளை ஓடவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒலியே இல்லாத பதிவு. ஆறுதல் கேட்டவர்களுக்கு விழித்தபின் வலி குறைவாக இருந்தது. முதல் 24 மணி நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்ட ஓபியாய்டு வலிநிவாரணியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவு இது. நல்ல வார்த்தை மயக்கத்தையும் தாண்டி உள்ளே போகிறதென்றால், அதே அறையில் உரக்கப் பேசும் இழிசொல்லுக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஒன்றும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவமானம் அவமானம்தான். பிரிட்டனில் சைமன் பிராம்ஹால் என்ற கல்லீரல் அறுவை நிபுணர், பர்மிங்ஹாம் குயின் எலிசபெத் மருத்துவமனையில் 2013இல் இரண்டு நோயாளிகளின் கல்லீரலில் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சுட்டுப் பொறித்தார். ரத்தக்கசிவை அடைக்கப் பயன்படும் ஆர்கான் கருவிதான் அவருக்குப் பேனா. ஒரு நோயாளிக்கு வேறு காரணத்தால் மாற்றுக் கல்லீரல் பழுதாகி மறுபடி வயிற்றைத் திறந்தபோது, இன்னொரு மருத்துவர் அந்த எழுத்துகளைப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. உடலுக்குப் பெரிய கேடில்லை என்ற வாதம் எடுபடவில்லை. 2017 டிசம்பரில் தாக்குதல் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். 10,000 பவுண்ட் அபராதமும் 120 மணி நேர ஊதியமில்லா வேலையும் தண்டனையாகக் கிடைத்தன. 2022இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது.

மருத்துவக் கல்வியே கற்றுக்கொடுத்த அத்துமீறலும் உண்டு. அறுவைக்காக மயங்கிக் கிடக்கும் பெண்ணிடம், அவருக்குத் தெரியாமலே மாணவர்கள் பிறப்புறுப்புப் பரிசோதனை செய்து பழகுவது அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கலிஃபோர்னியா 2003இல் இதைத் தடை செய்தது. எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம் என்று நாடு முழுவதும் உள்ள மருத்துவமனைகளுக்கு மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்த 2024 ஏப்ரல் வரை ஆயிற்று. கேட்டிருந்தால் பல பெண்கள் சரி என்றிருப்பார்கள். கேட்கவே இல்லை என்பதுதான் குற்றம்.

பிரான்ஸில் நடந்தது கொடூரத்தின் உச்சம். ஜோயல் லெ ஸ்குவார்னெக் என்ற அறுவை மருத்துவர் 1989 முதல் 2014 வரை 299 பேரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக வழக்கு. பெரும்பாலோர் குழந்தைகள்; பலர் மயக்கத்திலோ மயக்கம் தெளியும் நிலையிலோ இருந்தவர்கள். அவர் எழுதி வைத்திருந்த டைரிகளைக் கொண்டு போலீஸ் வந்து சொல்லும்வரை தங்களுக்கு நேர்ந்தது பலருக்குத் தெரியவே தெரியாது. 2025 மே மாதம் அவருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தைகளின் ஆபாசப் படங்களுக்காக 2005லேயே அவர் தண்டிக்கப்பட்டிருந்தார். உடன் பணியாற்றிய மனநல மருத்துவர் ஒருவர் நிர்வாகத்தை எச்சரித்தும் இருந்தார். அதன்பிறகும் அவரை வேலையில் வைத்திருந்தார்கள். அந்த எச்சரிக்கைக்குக் காதுகொடுத்திருந்தால் பல குழந்தைகள் தப்பியிருக்கும்.

கேமரா வைத்தால் சரியாகிவிடாதா? தென்கொரியா அதைச் செய்து பார்க்கிறது. 2014 டிசம்பரில் சியோல் நகரத்து அழகுச் சிகிச்சை மருத்துவமனை ஒன்றில், நோயாளி மயங்கிக் கிடக்கும் அறுவை அறைக்குள்ளேயே ஊழியர்கள் பிறந்தநாள் கொண்டாடிய படங்கள் சமூக ஊடகத்தில் வெளியாகி நாடே கொதித்தது. 2016இல் தாடை அறுவை செய்துகொண்ட 24 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் ரத்தம் வடிந்து, பல வாரம் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அந்த மருத்துவமனையில் கேமரா இருந்தது. காட்சிகளைப் பெற்ற அவருடைய தாய் நூற்றுக்கணக்கான முறை போட்டுப் பார்த்தார். மகனுக்கு அறுவை செய்வதாகச் சொன்ன மருத்துவர் பாதியில் போய்விட்டதும், உதவியாளர் மட்டும் காயத்தை அழுத்திக்கொண்டு நின்றதும், தரையில் வழிந்த ரத்தத்தைப் பலமுறை துடைத்ததும் அதில் இருந்தன. நாடாளுமன்ற வாசலில் பதாகையோடு நின்று அந்தத் தாய் நடத்திய போராட்டத்தின் பலனாக 2021இல் சட்டம் நிறைவேறியது. 2023 செப்டம்பர் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளியோ குடும்பத்தினரோ கேட்டால், நினைவிழக்கச் செய்யும் அறுவைகளை வீடியோ எடுத்தாக வேண்டும். குறைந்தது 30 நாள் பாதுகாக்க வேண்டும். ஆனால் எல்லோரும் சம்மதித்தாலொழிய ஒலியைப் பதிவுசெய்யக் கூடாது. வர்ஜீனியாவில் நடந்தது கொரியாவில் நடந்திருந்தால் படம் இருக்கும், கேலிப்பேச்சு இருக்காது. மேலும், உடலை மூடாமல் எடுத்த காட்சி கசிந்தால் அது அடுத்த அவமானம். கேமரா தேவை என்பதே என் கருத்து. ஆனால் நடந்து முடிந்ததைக் காட்டத்தான் அதற்குத் தெரியும்.

நடக்கும்போதே தடுக்க அறையில் இன்னொருவர் வாய் திறக்க வேண்டும். 2015 ஆகஸ்டில் அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழ், ஒரு மருத்துவரின் ஒப்புதல் கட்டுரையை அவர் பெயரை மறைத்து வெளியிட்டது. அவர் மாணவராக இருந்தபோது, பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டிய பெண்ணை மூத்த மருத்துவர் ஒருவர் கருப்பைக்குள் கைவிட்டு அழுத்திக் காப்பாற்றினார். உயிர் தப்பியது உறுதியானதும், கையை வெளியே எடுக்காமலே பாட்டுப் பாடி ஆடத் தொடங்கினார். மாணவரும் சேர்ந்து ஆடினார். மயக்க மருத்துவர் ஒரே அதட்டலில் இருவரையும் நிறுத்தினார். அந்தப் பெண்ணின் உயிரைக் காத்ததும் மானத்தைக் கெடுத்ததும் ஒரே கை என்பதால்தான் இந்தக் கட்டுரை என்னை உலுக்குகிறது. கெட்டவர்கள் மட்டும் செய்யும் காரியம் அல்ல இது. மேலே இருப்பவர் சிரித்தால் கீழே இருப்பவரும் சிரித்தாக வேண்டிய அறையில், களைப்பும் பழக்கமும் சேர்ந்தால் நல்லவர்களும் செய்துவிடுகிறார்கள். உயிரோடும் ரத்தத்தோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்குச் சிரிப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. படுத்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்க அது சாக்கு ஆகாது.

பிரேசிலில் 2022 ஜூலையில் செவிலியர்கள் செய்ததை எல்லா நர்சிங் கல்லூரிகளிலும் சொல்லித்தர வேண்டும். சிசேரியனில் பொதுவாகத் தாய் விழித்திருப்பார். ஆனால் ஒரு மயக்க மருத்துவர் மட்டும் அளவுக்கு மீறி மருந்து கொடுத்துப் பெண்களை ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளுவது செவிலியர்கள் கண்ணில் உறுத்தியது. அறுவை அறையின் அலமாரிக்குள் செல்போனை மறைத்து வைத்துப் படமெடுத்தார்கள். மேசையில் கிடந்த பெண்ணை அவர் பலாத்காரம் செய்தது பதிவாகி, கைதானார்.

பண்போடு நடக்காத மருத்துவர் திறமையிலாவது குறைவில்லாமல் இருப்பார் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 202 அறுவை மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 13,653 பேரை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், சக ஊழியர்களின் புகாருக்கு ஆளான மருத்துவர்களின் நோயாளிகளுக்குப் பின்விளைவுகள் 12 முதல் 14 சதவீதம் அதிகம்.

நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் ஜோத்பூர் அரசு மருத்துவமனையில், மயக்கத்தில் கிடந்த கர்ப்பிணியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு மருத்துவர்கள் ஒருவரையொருவர் ஏசிய வீடியோ பரவியது. ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்தது. சம்மதம் பற்றி உச்சநீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு என்று மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 44 வயதுப் பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி அகற்றிவிட்டார்கள். உயிராபத்து இல்லாத நிலையில் தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். மருத்துவமனை ஊழியரே அங்குள்ள பெண்ணைப் பலாத்காரம் செய்தால், பாரதிய நியாய சன்ஹிதா 64ஆம் பிரிவின்படி குறைந்தது 10 ஆண்டுக் கடுங்காவல்.

வாசகர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஆபரேஷனுக்கு முந்திய நாளே, அவசரமில்லாத நேரத்தில், சம்மதப் படிவத்தை வாங்கிப் படியுங்கள். யார் அறுவை செய்வார், உள்ளே யார் யார் இருப்பார்கள், மாணவர்கள் வருவார்களா என்று கேளுங்கள். பெண் நோயாளி என்றால் பெண் ஊழியர் உடனிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

ஆனால் கதவு சாத்தியபின் நோயாளிக்குத் துணை அங்கிருக்கும் செவிலியரும் டெக்னீஷியனும் பயிற்சி மருத்துவரும்தான். புகார் சொன்னால் வேலை போகும், இன்டர்னல் மதிப்பெண் போகும் என்ற பயத்தில் அவர்கள் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். புகார் கூறுவோரைப் பாதுகாக்க நாடாளுமன்றம் 2014இல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது பொது ஊழியர்கள் மீதான புகார்களுக்கு மட்டும்தான். தனியார் மருத்துவமனை நர்சுக்கு அதனால் பயனில்லை. அவருக்கான பாதுகாப்பை அரசு தனியாகச் சட்டமாக்க வேண்டும். அதுவரை, புகார் சொன்னவரை வேலையைவிட்டு நீக்கமாட்டோம் என்று மருத்துவமனை நிர்வாகங்கள் எழுத்தில் உறுதி தர வேண்டும்.